எண்ணெய் ஏறிய குருத்து ஞாயிறு

எனக்கு வாய் நீளம். என் தம்பி விக்டர் சொல்வான், "அக்கா வாயை வாடகைக்கு விட்டா நாம எல்லாரும் உக்காந்து சாப்டலாம்" என்று. அந்த வாயால் நான் சொன்ன ஒரு யோசனை ஒரு நல்ல மனுஷனின் பிழைப்பைக் கவிழ்க்கப் பார்த்தது. ஆகவே குலாம் ரசூல் பாயைப் பற்றிச் சொல்ல வரும்போது என்னையும் நடுநடுவே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மந்தைவெளியில் ஓர் ஐஸ் பாக்டரி. நான் அங்கே டைப்பிஸ்ட். குலாம் ரசூல் பாய் எஞ்சின் டிரைவர். ரயில் எஞ்சின் இல்லை. இது நின்ற இடத்திலேயே ஓடும் டீசல் எஞ்சின். அது சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் ஐஸ் மெஷின் ஓடும், நாற்பது குடும்பம் சாப்பிடும். மூன்று சிலிண்டர், ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு, பக்கத்தில் நின்றால் நம் தலைக்கு மேலே போகும் சக்கரம். வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்து என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். பாய் அதைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. "நானும் மொத நாளு அப்டித்தாம்மா நின்னேன்" என்றார்.

அவருடைய முதல் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். துறைமுகத்திலிருந்து அந்த எஞ்சின் பெட்டி பெட்டியாக மாட்டு வண்டியில் வந்தபோது, கயிறு கட்டி இழுத்த கூலிகளில் அவரும் ஒருவர். பூட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்கார என்ஜினீயர் மூன்று மாதம் இருந்தார். மூன்று மாதமும் அவருக்கு விளக்குப் பிடித்தது குலாம் ரசூல். வெள்ளைக்காரர் கப்பல் ஏறிய மறுநாள், எஞ்சினைக் கிளப்பத் தெரிந்த ஆள் ஊரிலேயே இவர் ஒருவர்தான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் மீட்டர் முள் எந்த எழுத்துக்கு நேரே நிற்க வேண்டும் என்பது தெரியும். அன்று முதல் திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் இருந்த ஒண்டுக்குடித்தனத்திலிருந்து கடற்கரை வழியே நடந்தே வேலைக்கு வருவார், நடந்தே போவார். வீட்டில் மனைவி ஜமீலுன்னிசா, கைசர் ஜஹான், வஜீஹா என்று இரண்டு பெண்கள். நான் சொல்லப்போகும் நாற்பத்தாறாம் வருஷம், மூத்தவளுக்கு ரம்ஜானுக்குப் பிறகு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இப்போது அந்த எஞ்சினைப் பற்றி ஒரே ஒரு சங்கதி தெரிந்துகொள்ள வேண்டும். அதன் நடுவே ஓடும் கனத்த தண்டு நாலு பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேரிங்கின் உள்பக்கம் ஈயம் மாதிரி மெத்தென்ற உலோகம். ஓடும்போது எஞ்சினே தனக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளும். ஆனால் கிளம்புகிற அந்த முதல் நிமிஷத்தில் உள்ளே எண்ணெய் இருக்காது. காய்ந்த கல்லில் தோசை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும், உலோகம் பிய்ந்துகொண்டு வந்துவிடும். ஆகையால் கிளப்புவதற்கு முன்னால், பக்கத்தில் இருந்த கை பம்பை நூறு தடவை அடித்து, எண்ணெயை நாலு பேரிங்குக்கும் ஏற்ற வேண்டும்.

நூறை பாய் எப்படி எண்ணுவார் தெரியுமா? முதல் முப்பத்து மூன்றுக்கு அடிக்கொரு சுப்ஹானல்லாஹ். அடுத்த முப்பத்து மூன்றுக்கு அல்ஹம்துலில்லாஹ். கடைசி முப்பத்து நான்கும் அல்லாஹு அக்பர். கணக்கு ஒரு நாளும் தப்பாது. முன்பெல்லாம் எஞ்சின் இரவு பகலாக ஓடியதால் மாதத்துக்கு ஒரு தடவைதான் இந்த வேலை. யுத்தம் வந்தது, டீசலுக்கு ரேஷன் வந்தது. சாயங்காலம் நிறுத்து, காலையில் கிளப்பு என்று ஆகிவிட்டது. அப்புறம் தினமும் நூறு அடி. யுத்தத்தின் நடுவில் ஒரு தடவை பேரிங் போய், கையிருப்பில் இருந்த கடைசி செட்டையும் போட்டாகிவிட்டது. சீமையிலிருந்து இன்னொரு செட் எப்போது வரும் என்று கேட்டு நானே பதினொரு கடிதம் டைப் அடித்திருக்கிறேன். பதில்தான் வந்தது, பேரிங் வரவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். சாந்தோம் கோயிலில் விடிகாலைப் பூசை பார்த்துவிட்டு நேரே பாக்டரிக்கு வந்துவிடுவேன். முதல் வாரமே ஒரு நாள் எஞ்சின் ரூமிலிருந்து முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தால் பாய் கை பம்பின் பிடியில் தலை சாய்த்து நிற்கிறார். வலது தோளில் துணி சுற்றியிருக்கிறது. முகம் முழுக்கக் கண்ணீர்.

"ஐயோ மாதாவே! என்ன பாய் இது?"

"ஒண்ணுமில்லம்மா. தோளு பூட்டிக்கினு கீது. மூணு மாசமாச்சு. டாக்டரு இனிமே தெறக்காதுன்னு சொல்லிட்டாரு." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லாதம்மா. பம்ப் அடிக்காத டிரைவரை வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க? கண்ணு மங்கிப்போன வாட்ச்மேனை ஒரே நாள்ல அனுப்பிச்சாங்களே, பாத்தே இல்ல. எம்பொண்ணு நிக்காஹ் கீதும்மா."

வேறு ஆளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லலாம். ஆனால் கூப்பிட்டால் மத்தியானத்துக்குள் பாக்டரி முழுக்கத் தெரிந்துவிடும். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் யோசனை சொன்னது.

"ஏன் பாய் ஒரே மூச்சில அடிக்கிறீங்க? நான் ஜெபமாலை சொல்லும்போது பால் பொங்கிச்சுன்னா, மணியை விரலால பிடிச்சுக்கிட்டு எழுந்து போறேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சொல்றேன். ஆண்டவர் கோவிச்சுக்கவா போறார்? நீங்களும் பத்து அடிங்க, உக்காருங்க, அப்புறம் பத்து அடிங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து தம் தஸ்பீஹ் மணிமாலையை ஓர் ஆணியில் மாட்டி, அடிப்பார், மணியைப் பிடித்தபடி மூச்சு வாங்குவார், மறுபடி அடிப்பார். அரை மணி நேரத்தில் நூறு முடிந்துவிடும். ஓர் அடி குறைத்ததில்லை. குறைக்கிற மனுஷன் இல்லை அவர். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று. பெரிய வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை, நான் உள்ளே நுழைந்ததுமே பாய் கைகாட்டிக் கூப்பிட்டார். எஞ்சினின் பக்கக் கதவு ஒன்று திறந்திருந்தது.

"டோரதிம்மா, மூணு நாளா மூணாம் பேரிங்குகிட்ட கை வெச்சா சுடுது. நூறு அடிச்சிக்கினுதான் கீறேன், ஏன் சுடணும்? நீ கொஞ்சம் அடி. நான் டார்ச் வெச்சிக்கினு உள்ள பாக்கிறேன்."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்தேன். அப்பப்பா! இருபதிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நிறுத்தி மூச்சு விட்டேன். அந்த அமைதியில் குழாய்க்குள்ளே களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் திரும்பிக் கீழே இறங்குகிற சத்தம். மறுபடி பத்து அடித்தேன், நிறுத்தினேன். மறுபடி களகள.

பாய் கதவுப் பக்கமிருந்து மெதுவாக எழுந்து வந்தார். கை பம்பின் அடி வால்வு தேய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தவரை அது தெரியவில்லை. நிறுத்தினால் ஏறிய எண்ணெயெல்லாம் இறங்கிவிடுகிறது.

"விட்ட எடத்துல மணி நிக்கும்மா, எண்ணெய் நிக்காது" என்றார். "முப்பது நாளா இத நான் காய வெச்சே ஓட்டிக்கினு கீறேன்."

ஜெபமாலை எண்ணி எண்ணி, உலகத்தில் எல்லாமே விட்ட இடத்தில் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டேனே, நான் ஒரு மடச்சி!

"பாய், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் அடிக்கிறேன். நிற்காம அடிக்கிறேன், கிளப்பிடலாம்."

"வாணாம்மா. உள்ள இன்னா ஆயிருக்கோ தெர்ல. பாக்காம இனிமே இதத் தொட மாட்டேன். கடைசி செட்டும்மா அது."

எட்டு மணிக்கு மானேஜர் பிலிப் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் கோயிலில்தான் பாடுவார், சுருதி சேரவே சேராது. எஞ்சின் சத்தம் கேட்காததால் நேரே எஞ்சின் ரூமுக்கு வந்தார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். தோள், டாக்டர், நிறுத்தி நிறுத்தி அடித்தது, பேரிங் சூடு, எல்லாம். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லவில்லை. என் பெயரை.

"அப்படி அடிக்கச் சொன்னது நான்தான் சார்" என்றேன்.

"நீயா? உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். அதனாலதான் சொன்னேன்."

பிலிப் சார் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் கத்தவில்லை. "நாளைக்கு மூணாம் பேரிங்கைத் திறக்கிறோம். உலோகம் போயிருந்தா பாக்டரியை மூட வேண்டியதுதான். போகாம இருந்தாலும், பாய், பம்ப் அடிக்க முடியாத டிரைவரை நான் எப்படி வெச்சுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

"நியாயந்தான் சார்" என்றார் பாய்.

நியாயமாம் நியாயம்! இருபத்தொரு வருஷம் தோளைத் தேய்த்துக் கொடுத்தவர் சொல்கிற வார்த்தையா இது? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெயை மேலே ஏற்ற வேண்டும், அவ்வளவுதானே? அதை மனுஷத் தோள்தான் செய்ய வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? குடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

என் தம்பி விக்டர் ஒயர்மேன். மாம்பலத்துப் புது வீடுகளுக்கெல்லாம் ஒயரிங் செய்பவன். யுத்தம் முடிந்து பல்லாவரம் பக்கம் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, கண்டதையெல்லாம் சுமந்து வந்து என் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தான். எல்லாவற்றையும் கடலில் தூக்கிப் போடுகிறேன் என்று தினமும் அவனோடு சண்டை.

"டேய், உன் குப்பையில எண்ணெய் இறைக்கிற பம்ப் ஏதாவது கீதாடா? கரண்டுல ஓடுறது?"

விக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து பார்த்தான். "இன்னாக்கா, நேத்து வரிக்கும் குப்பைன்னு சொல்லிக்கினு இருந்தே?"

"வாயை மூடிட்டு எடுடா!"

எடுத்தான். லாரிக்காரர்கள் பீப்பாயிலிருந்து எண்ணெய் இறைக்க வைத்திருந்ததாம். மோட்டாரும் பம்பும் ஒரே கட்டையாக, ஒரு கைக்குழந்தையின் பருமன்தான் இருக்கும். இரண்டு லாரி பாட்டரி சேர்த்தால் ஓடும் என்றான். விஷயம் முழுவதையும் கேட்டபின் அவன் கிண்டல் போய்விட்டது. சாயங்காலமே பிலிப் சாரிடம் போய் நின்றான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய பவர் ஹவுஸ்ல இந்த மாதிரி வெச்சிருக்கிறதா கேள்வி. நாளைக்கு மாட்டிப் பாரு. ஆனா முதல்ல பேரிங்" என்றார்.

மறுநாள் குருத்து ஞாயிறு. பூசை முடிந்து நானும் விக்டரும் பிலிப் சாரும் கையில் குருத்தோலையோடே பாக்டரிக்குப் போனோம். பாய் அதற்கு முன்பே வந்து, சங்கிலி மாட்டி, நட்டுகளைத் தளர்த்தி வைத்திருந்தார். மூடி மேலே எழும்பியது. நான் பார்க்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"டார்ச்" என்று பிலிப் சாரின் குரல். அப்புறம் நகத்தால் சுரண்டுகிற ஒலி. "ஒரு ஓரத்தில உலோகம் இழுத்திருக்கு. ஒரு விரல் அகலம். நடுவில சுத்தமா இருக்கு."

"பொழச்சிக்குமா சார்?" என்றார் பாய். அவர் கேட்டது எஞ்சினைப் பற்றி. தன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"இன்னும் பத்து நாள் இப்படியே ஓட்டியிருந்தா பொழச்சிருக்காது." பிலிப் சார் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இழுத்த இடத்தைச் சுரண்டிச் சமனாக்க உட்கார்ந்துவிட்டார். பாட்டில் சேராத சுருதி கையில் இருந்தது. மத்தியானம்வரை அவர் சுரண்டினார், பாய் துடைத்துக் கொடுத்தார். விக்டர் இன்னொரு பக்கம் கை பம்பின் குழாயில் கிளை எடுத்துப் புதுப் பம்பை மாட்டி, எண்ணெய் திரும்பி இறங்காதபடி ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் வால்வையும் வைத்தான். அந்த வால்வை மட்டும் மூன்று தடவை ஊதிப் பார்த்தான்.

மூடியை இறக்கிப் பூட்டினார்கள். பக்கக் கதவுகளை மட்டும் திறந்தே வைத்தார்கள். விக்டர் ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் ர்ர்ர் என்றது. எண்ணெய் மீட்டரின் முள் அசையவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"போச்சு" என்றான் விக்டர். அவன் கண் கலங்கிவிட்டது. "கெட்டுப்போன பம்பைத்தான் என் தலையில கட்டிட்டானுங்க பாய்."

"நிறுத்து நைனா." பாய் குனிந்து பம்பை இடது கையால் தடவினார். "இது எத்தினி மாசமா உங்க அக்கா கட்டிலுக்கு அடியில கெடந்துது? உள்ள காஞ்சி கெடக்கும். காஞ்சி கெடக்கிறது எத இழுக்கும்?" பம்பின் தலையில் இருந்த திருகைக் கழற்றி, ஒரு சிறு குவளை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே ஊற்றினார். நிரம்பி வழிந்ததும் திருகை மூடினார். "இப்போ போடு."

இப்போது சத்தமே மாறியது. கனத்த, நிறைந்த சத்தம். முள் நடுங்கியது. எழுந்தது. பாய் பம்பைவிட்டுப் பக்கக் கதவுக்குப் போனார். அங்கேதான் நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கை பம்பு இருந்தது எஞ்சினுக்கு அந்தப் பக்கம். அடிப்பவர் கதவுக்கு வர முடியாது. வந்தால் அடிப்பது நின்றுவிடும். இருபத்தொரு வருஷமாக எண்ணெயை அனுப்பியவர் அது போய்ச் சேர்ந்ததை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

முதல் பேரிங்கின் ஓரத்தில் ஒரு பளபளப்பு வந்தது. பளபளப்பு உருண்டு ஒரு துளியானது. துளி நீண்டு நூலானது. அப்புறம் சுற்றிலும் தேன் நிறத்தில் எண்ணெய் திரையாக இறங்கியது. இரண்டாம் பேரிங்கும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் தாமதித்தது. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். வந்தது. நாலாவதிலும் வந்தது. அவ்வளவு பெரிய இரும்பு அசையாமல் நிற்கிறது, அதற்கு உள்ளே நாலு இடத்தில் எண்ணெய் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிலிப் சார் நெற்றியில் கை வைத்தார், சிலுவை போடப் போனாரோ, வியர்வை துடைக்கப் போனாரோ. பீடத்துக்கு முன்னால் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அந்த மாதிரி நின்றதில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் குலாம் ரசூல் பாய். ஒரே ஒரு தடவை. எண்ணிக்கைக்காக இல்லாமல் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பக்கக் கதவுகளை மூடியதும், பிலிப் சார் எஞ்சினைத் தள்ளிக் கிளப்பும் காற்று பாட்டிலைத் திறந்தார். எஞ்சின் முதல் சுற்றிலேயே, தொண்டை காயாத மனுஷன் பேசுகிற மாதிரி, அப்படியொரு மெத்தென்ற சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் கழித்து மூன்றாவது கதவில் பாய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் இழுத்து வைத்தார். சூடே இல்லை. ஆனால் பாயின் வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிலிப் சார் கை கழுவிக்கொண்டு கோட்டை வாங்கிப் போய்விட்டார். ஸ்விட்ச் போட ஆளா கிடைக்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்க்கு அது என்னைவிட முன்பே தெரிந்திருந்தது. திரும்பிப் போகும்போது எஞ்சின் ரூம் சாவியைத் தன்னோடு எடுத்துப் போகாமல் ஆபீஸில் மாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பிலிப் சார் என்னைக் கூப்பிட்டார். பாய் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'எஞ்சின் டிரைவர் குலாம் ரசூலின் வலது தோள் எண்ணெய் பம்ப் அடிக்கத் தகுதியற்றது என்று தெரிய வந்திருக்கிறது.' அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன்.

"இதை நான் அடிக்க மாட்டேன் சார். அவரே வந்து சொல்லியிருக்காட்டா உங்களுக்கு எஞ்சினே இருந்திருக்காது. என்னை வேணும்னா அனுப்புங்க. யோசனை என்னோடது."

"உக்காரு டோரதி. இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"மாட்டேன்."

"அப்ப நின்னுக்கிட்டே அடி."

நின்றுகொண்டே அடித்தேன், கண்ணில் நீர் வழிந்துகொண்டே. 'இன்று முதல் மின்சார எண்ணெய் பம்ப் அவர் பொறுப்பு. நாலு பேரிங்கிலும் எண்ணெய் வந்துவிட்டது என்று அவர் தம் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை, மானேஜர் உட்பட யாரும் எஞ்சினைக் கிளப்பக் கூடாது.'

பிலிப் சார் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "போய்ப் படிச்சுக் காட்டு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே போய் இங்கிலீஷில் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். தமிழில் சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பாய் ஒரு வார்த்தையும் புரியாமல் என் அழுத முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"செரிம்மா" என்றார். "நாளைக்குப் புது ஆளு வருவான் இல்ல? அவன் கதவாண்ட நின்னு எண்ணெய் வர்றதப் பாக்கணும், மறந்துடப் போறான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் வந்து காட்டிட்டுப் போகட்டுமா?"